உபதேசியார் பதில்கள்: அந்த ஒரு வரி தொண்டையில் நிற்கிறது

(மயிலாடுதுறை, தரங்கம்பாடி வட்டாரத்து லுத்தரன் சபைகளில் 36 ஆண்டுகள் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதி)

என் மாமியாரிடம் எனக்கு அன்பு வரவில்லை. ஜெபித்தும் வரவில்லை. காலையில் சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பது, குனிய முடியாதவர் என்பதால் கால் நகம் வெட்டிவிடுவது எல்லாம் செய்கிறேன். அது வெறும் கடமைதானே ஐயா? நான் கிறிஸ்தவளா?
– வாசகி, கும்பகோணம்

அம்மா, 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி மெதுவாக வாசியுங்கள். அன்பு வந்தால் நெஞ்சுக்குள் எப்படி இருக்கும் என்று பவுல் எங்கேயும் சொல்லவில்லை. பொறுத்துப்போகும், பொறாமைப்படாது, தன்னுடையதையே தேடாது, சினமடையாது என்று அது செய்வதையும் செய்யாமல் விடுவதையும்தான் அடுக்குகிறார். சர்க்கரை உள்ளவர் காலில் ஒரு சின்னக் கீறல் பட்டாலும் ஆறாது. வெளிச்சத்துக்கு நேராக அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து, சதையில் படாமல் நகத்தை வெட்ட எத்தனை நிதானம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்கு நான் வெட்டுகிறேன். நீங்கள் கடமை என்று எழுதியிருப்பதைப் பவுல் வாசித்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

உபதேசியார் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். ஆறு வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் தட்டுப்பாடான ஒரு சம்பாவில், என் முறை வந்த ராத்திரியில் என் அண்ணன் மடையைத் தன் வயல் பக்கம் திறந்துவிட்டுக்கொண்டார். என்னுடைய ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்தது. கேட்டதற்கு, "தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா" என்றார். அவருக்கும் அவர்தான் அப்பா. அன்றோடு பேச்சு நின்றது. அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அம்மா இறந்தபோதும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். கோயிலில் அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். கர்த்தருடைய ஜெபத்தில் "நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். அவர் இன்றுவரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காதவரை எப்படி மன்னிப்பது?
– பெயர் வேண்டாம், திருவிடைமருதூர் வட்டம்

தம்பி, அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறீர்களே, அதில் ஒரு உண்மை இருக்கிறது. நான் அந்த ஜெபத்தைச் சபைக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். 21 வருஷம். நான் யாரையும் மன்னிக்காமல் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்காமல் இருந்தேன். உங்கள் அண்ணன் இன்று நிற்கிற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். அதனால் அங்கே நின்றவனாகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

1997 சம்பாவுக்கு நடவுச் செலவுக்கு என் கையில் காசில்லை. வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றி, ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். "அறுப்பு முடிஞ்சதும் மீட்டுக் குடுத்துடு." அடகு வைத்தேன். அறுப்பு முடிந்தது, பணம் வேறு வழிகளில் போனது. வட்டி கட்டவில்லை. நகை மூழ்கிவிட்டது. ஏலம் போகப் போகிறது என்று வந்த நோட்டீசை நாலாக மடித்து என் வேதாகமத்துக்குள் எண்ணாகமம் இருக்கிற பக்கங்களுக்கு நடுவில் வைத்தேன். அந்தப் பக்கத்தை வீட்டில் யாரும் திருப்ப மாட்டார்கள். அதே வேதாகமத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா இரண்டு தடவை கேட்டாள். "இதோ மீட்டுடறேன்" என்றேன். அப்புறம் அவள் கேட்பதை விட்டாள், நான் அவள் ஊருக்குப் போவதை விட்டேன். அவள் பெரிய மகள் கல்யாணத்துக்குக்கூட, சபை வேலை இருக்கிறது என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். நாகப்பட்டினம் வரை பஸ், அதற்கப்பால் கிடைத்த வண்டி, கடைசியில் சாலையில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடை. அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. ஓடு பறந்துபோன கூரை மேல் தார்ப்பாயைப் போட இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். "அந்த முனையப் புடிடா, காத்து தூக்குது" என்றாள். பிடித்தேன். இருட்டும் வரை இரண்டு பேரும் கயிறு கட்டினோம்.

கரண்டு இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்தான் வாயெடுத்தேன். "அக்கா, அந்தச் சங்கிலி..." முடிக்க விடவில்லை. "நான் அத அஞ்சு வருஷம் கழுத்துல போட்டிருந்தேன். நீ இருபத்தோரு வருஷமாப் போட்டுக்கிட்டுத் திரியிற. கழட்டி வைடா."

எப்போது மன்னித்தாய் என்று கேட்டேன். "பெரியவ கல்யாணத்துக்கு நீ வரலல்ல, அன்னிக்கு ராத்திரி" என்றாள். பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, நகை போனதைவிடத் தம்பி வராததுதான் பெரிய நஷ்டம் என்று பட்டதாம். அதற்கப்புறம் 16 வருஷம் எனக்காகத் தினமும் பேர் சொல்லி ஜெபித்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பாட்டுக்கு ஒளிந்துகொண்டிருந்தேன்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான், தம்பி. நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் விட்டுவிட்டாள். கேட்டபோது எனக்குக் கிடைத்தது, எப்போதோ எழுதிவைத்த கடிதத்தைக் கையில் வாங்கியதுபோல.

ஆனால் கணக்கை அவள் விடவில்லை. மூன்று பவுனுக்கும் மாசாமாசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், மூன்று வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் எச்சில் தொட்டு நோட்டை எண்ணித்தான் வாங்கினாள். "அத்தைதான் மன்னிச்சுட்டாங்களே, அப்புறம் பணம் எதுக்கு?" என்று என் மகன் கேட்டான். மன்னிப்பு வேறு, கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிரசங்கித்து நாங்கள் நிறையப் பேரைக் குழப்பியிருக்கிறோம்.

உங்களுக்குத் தொண்டையில் நிற்கிற அந்த வரி மத்தேயுவில் இப்படி இருக்கிறது: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கடன் என்ற சொல்தான். இயேசு இதற்கு ஒரு கதையும் சொன்னார், மத்தேயு 18-இல். பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியான ஒருவன், வெளியே வந்ததும் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் அவனுக்குத் தள்ளுபடியானது ஆறு கோடி நாள் கூலி. எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராது.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் நூறு வெள்ளிப்பணத்தைச் செல்லாக்காசு மாதிரி பேசிவிடுவார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. நூறு நாள் கூலி, தம்பி. குறுவை நெல்லுக்கு வயசு ஏறக்குறைய 110 நாள். கிட்டத்தட்ட ஒரு குறுவை முழுக்க ஒரு மனுஷன் பாடுபட்ட கூலி அது. உங்கள் ஆறு மா காய்ந்தது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன், இயேசுவும் சொல்லவில்லை. நஷ்டம் நஷ்டம்தான். அதை நஷ்டம் என்று ஒத்துக்கொண்டால்தான் மன்னிக்க அங்கே ஏதாவது இருக்கும்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். "அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை." அந்தப் பெண் மடையைத் திறக்கவில்லையே? சித்தப்பா வந்து நிற்கவேண்டிய மணவறையில் சித்தப்பா இல்லை. மத்தேயு 5:23-ஐ எடுத்துப் பாருங்கள். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது, உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். உனக்கு அவன்மேல் உள்ள குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நானே எத்தனையோ வருஷம் இதைத் தலைகீழாக வாசித்திருக்கிறேன்.

அதனால் அண்ணன் வீட்டுக்குப் போங்கள், ஆனால் மன்னிக்கிறவராகப் போகாதீர்கள். நான் மன்னிக்க வந்திருக்கிறேன் என்று ஒருவன் வாசலில் வந்து நின்றால், உள்ளே இருக்கிறவருக்குக் கதவைச் சாத்தத்தான் தோன்றும். கடன்காரனாகப் போங்கள். உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பெண் பிறந்தகம் வந்திருக்கிற நாளாகப் பார்த்து, ஒரு புடவையும் பழமும் எடுத்துக்கொண்டு போங்கள். "உன் கல்யாணத்துக்கு வராதது என் தப்பும்மா" என்று அவளிடம் சொல்லுங்கள், அண்ணன் காதுபட. மடையைப் பற்றி அன்று ஒரு சொல்லும் வேண்டாம். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அவர் பதிலுக்கு ஒன்றும் பேசாமல் இருக்கலாம். எனக்கு 21 வருஷம் ஆனது. அவருக்கும் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

தண்ணீர் விஷயம் தனி. அடுத்த தடவை மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன், ஊரில் இரண்டு பெரியவர்களை வைத்து யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று முறையைப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனை மன்னிப்பதற்காக மடையைக் காவலில்லாமல் விடவேண்டியதில்லை.

அந்த ஜெபத்தையும் விடாதீர்கள். அந்த வரியில் நின்று, "என்னால் முடியவில்லை ஆண்டவரே" என்று அதற்குள்ளேயே சொல்லிவிட்டு மேலே போங்கள். அதுவும் ஜெபந்தான்.

என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். எங்கள் ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர், "ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறது, தாழ்மையாய்ப் பொறுத்துக்கொள்" என்கிறார். பிள்ளைகள் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

மகளே, பொறுத்துக்கொள்ளாதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போ. 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீ இருக்கிற வீட்டில் இருக்கவும், அவர் உன்னை நெருங்காமல் தடுக்கவும் நீதிமன்ற உத்தரவு வாங்க முடியும்.

அந்தச் சகோதரி சொன்ன ஏழெழுபது மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் ஏழு வசனம் மேலே போய் வாசிக்கச் சொல். தப்பு செய்தவனிடம் போய் அவன் குற்றத்தை எடுத்துச் சொல். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று அங்கே இருக்கிறது. உன்னைப் பேசாமல் இருக்கச் சொல்கிறவர்கள் அதிகாரத்தின் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்கள். இயேசு சீஷர்களின் காலைக் கழுவினார். அந்தத் தாழ்மை அவராக எடுத்துக்கொண்டது. அடித்துக் குனிய வைப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது. அவரை மன்னிப்பது பற்றி நீயும் நானும் பேசலாம், ஆனால் நீ பத்திரமாக இருக்கிற ஒரு நாளில். உன் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு என் மனைவி நேற்றே பேசிவிட்டாள் என்றாலும், இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

நான் இறையியல் படித்தவன். வேத பாட வகுப்பில், பள்ளிக்கூடம் தாண்டாத ஒரு பாட்டி என்னைப் பிள்ளைகள் முன்னால் திருத்தினார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் மனசு சுடுகிறது.
– வாசகர், மயிலாடுதுறை

அவர் சொன்னது சரி என்று எழுதிவிட்டீர்கள். பாதி தூரம் வந்தாயிற்று.

ஒரு நாள் மாலையில் தரங்கம்பாடிக்குப் போய், ராஜ வீதியில் 1718-இல் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள் உட்காருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஐயரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கியபோது அவர் உங்களைப்போல இளைஞர், உங்களைப்போல இறையியல் படித்தவர். தமிழ் ஓரெழுத்து தெரியாது. ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் இதே ஊரில் தமிழில் அச்சேறியது. சாது என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது இந்த ஊரை ஆண்ட டேனியரின் தளபதியோடு மோதி நாலு மாதம் சிறையில் இருந்தவர். அதிகாரிக்கு வளையாத அந்த முதுகு, எழுத்து கற்க ஆறு வயசுப் பிள்ளைக்குப் பக்கத்தில் வளைந்தது.

அடுத்த வகுப்பில் அந்தப் பாட்டியை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். பாடம் ஆரம்பிக்கும் முன்பே, போன வாரம் நான் சொன்னது தப்பு, பாட்டி சொன்னதுதான் சரி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அந்த வசனத்தை அவரையே வாசிக்கச் சொல்லலாம். எழுத்துத் தெரியாவிட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார். என் அம்மா அப்படித்தான் 23-ஆம் சங்கீதத்தைச் சொல்வாள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.