அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து?

கேள்வி: ஓயாமல் வேலை பார்க்கும் மூன்று ஆண்களைப் பற்றிய நகைச்சுவை நாடகம் ஒன்றை மனைவியோடு போய்ப் பார்த்தேன். அதில் ஒருவன் மருத்துவமனைப் படுக்கையில், நெஞ்சு முழுக்க ஈசிஜி வயரோடு, மேலதிகாரியின் போனை எடுத்து “ஒண்ணுமில்ல சார், டிராஃபிக்ல இருக்கேன், சொல்லுங்க” என்கிறான். அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது, என் மனைவி உட்பட. குடும்பத்துக்காக தினம் 12 மணி நேரம், வாரம் ஆறு நாள் உழைக்கிறவன் நான். பெண்களின் கஷ்டத்தை இப்படிக் கேலி செய்தால் சும்மா விடுவார்களா? ஆண் என்றால் அவ்வளவு இளக்காரமா?

பதில்: அவன் நெஞ்சுவலியைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்கவில்லை. வலியில் படுத்திருக்கிறவன் பொய் சொல்கிறானே, அதுவும் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னால் கௌரவம், உடம்பு முடியவில்லை என்று சொன்னால் கேவலம் என்று நினைத்துச் சொல்கிறானே, அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். உங்கள் மனைவியும் அதற்குத்தான் சிரித்திருப்பார். ஏன் சிரித்தாய் என்று அவரிடம் கேட்டீர்களா? எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஜம்பம் அடிக்கிற ஆண் மேடைக்குப் புதியவன் இல்லை. ரோம நாடகாசிரியர் பிளாட்டஸ் சுமார் 2,200 வருடத்துக்கு முன்பே ஒரு போர்வீரனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் வெட்டிச் சாய்த்தவர்களை ஊர் ஊராகக் கணக்குச் சொல்லி, மொத்தம் ஏழாயிரம் என்று கூட்டிக் காட்ட, கூடவே ஒரு அடிவருடி. இன்றைக்கு அந்த இடத்தில் தூங்காத இரவுகளும் எடுக்காத விடுப்புகளும் வந்துவிட்டன. “நாலு வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்ல” என்று ஒருவன் சொன்னால் சுற்றி இருப்பவர்கள் பாராட்டுகிறார்கள், யாரும் பதறுவதில்லை. இதைச் சிரித்துக் கலைக்க வேண்டாமா?

ஏனென்றால் இது உயிர் போகிற விஷயம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. நீண்ட வேலை நேரம் காரணமாகப் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-ல் மட்டும் இறந்தவர்கள் சுமார் 7,45,000 பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. அதில் 72 சதவீதம் ஆண்கள். வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் பார்ப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயில் சாகிற ஆபத்து 17 சதவீதம் அதிகம். உங்கள் கணக்கு வாரம் 72 மணி நேரம் வருகிறது.

பெண்களை இப்படிக் கேலி செய்ய விடுவார்களா என்கிறீர்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் ஒரு நாளில் 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இது உலக சராசரி, அதே தொழிலாளர் அமைப்பு 2018-ல் சொன்னது. ஒருவர் 72 மணி நேரம் அலுவலகத்தில் இருந்தால் வீட்டில் விழுகிற அவருடைய பங்கையும் யாரோ எடுத்துச் செய்கிறார்கள். அந்த யாரோ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சிரித்தால் கொஞ்சம் சிரிக்க விடுங்கள்.

சரி, அந்த நாடகத்தை நானும் பார்த்தேன். எனக்கும் அதில் கோபம் உண்டு, ஆனால் வேறு இடத்தில். முதல் பாதி முழுக்க போனில் குரலாக மட்டும் வருகிற அந்த மேலதிகாரி கடைசி வரை மேடைக்கே வருவதில்லை. இரண்டாம் பாதியில் மூன்று பேரும் ஒரு இரவு மனம்விட்டு அழுகிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், மறுநாள் காலை புது மனிதர்களாக அதே அலுவலகத்துக்கு, அதே வேலை நேரத்துக்குப் போகிறார்கள். கைதட்டல், திரை. ஆண்கள் அழக் கற்றுக்கொள்வது நல்லதுதான், ஒரு நண்பனிடமாவது வாய்விட்டுப் பேசுவது ரொம்ப நல்லது, ஆனால் அதோடு 72 மணி நேரம் 48 ஆகிவிடுமா? நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று தொழிற்சாலைகளுக்கு 1919-ல் முதல் சர்வதேச உடன்படிக்கை வந்ததே, அது தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் கூட்டமாக நின்று கேட்டு வாங்கியது. “என்னால் முடியவில்லை” என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லவே கூச்சப்படுகிறவன் எப்படிக் கூட்டத்தோடு நின்று கேட்பான்? வீம்பையும் வேலை நேரத்தையும் அந்த நாடகம் ஒரே மேடையில் நிறுத்தியிருக்க வேண்டும். வீம்பை மட்டும் நிறுத்திவிட்டு முதலாளியைப் பத்திரமாகத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டது.

அதனால் நாடகக் குழுவுக்கு நீங்கள் கடிதம் எழுதுவதானால் இதை எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அப்புறம், கடைசியாக ரத்த அழுத்தம் பார்த்தது எப்போது? இந்த வாரமே போய்ப் பாருங்கள், அன்றைக்கு அலுவலகத்தில் காரணம் கேட்டால் டாக்டரிடம் போகிறேன் என்றே சொல்லுங்கள்.