ஒரே ஒரு பின்னிரவு டிவி நிகழ்ச்சி ஒரு இசைக்குழுவின் தலையெழுத்தை மாற்றுமா?

மாற்றும். ஃபியூச்சர் ஐலண்ட்ஸ் அதற்குச் சாட்சி. அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த இந்தக் குழு 2006 முதலே ஊர் ஊராகப் போய்ச் சின்ன அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தது. 2014 மார்ச் 3 அன்று டேவிட் லெட்டர்மேன் தொகுத்து வழங்கிய அமெரிக்கப் பின்னிரவு டிவி நிகழ்ச்சியில் தோன்றினார்கள். பாடகர் சாமுவேல் ஹெர்ரிங் இடுப்பை வளைத்து ஆடினார், மார்பில் அடித்துக்கொண்டார், நடுவே தொண்டையைக் கிழிக்கும் உறுமல் வேறு. மற்றவர்களோ ஆடாமல் அசையாமல் வாசித்தார்கள். அந்த முரண்தான் பாதி அழகு என்பேன். லெட்டர்மேனே அசந்துபோனார். யூடியூபில் காணொளி தீயாய்ப் பரவியது. அதே மாதம் நான்காவது ஆல்பமும் வந்தது, சரியான நேரம்!

ஒரு விஷயம்: 2015இல் லெட்டர்மேன் ஓய்வுபெறும் வரை அந்த நிகழ்ச்சி முன்கூட்டியே பதிவாகி, இரவு 11:35க்குத்தான் ஒளிபரப்பானது. அசல் நேரலை வேண்டுமானால் சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியைப் பாருங்கள்.