சத்தம் போடாத டெப்பெட்டை நம்பாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வால்வு சம்பந்தப்பட்டவை, அதாவது எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் போகவும் எரிந்த வாயு வெளியேறவும் திறந்து மூடும் மூடிகள். மலைநாட்டில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல என்பதால் அவற்றையே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பிரேக், டயர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தலவாக்கலையில் ஓட்டோ ஓடுகிறேன். நான்கு ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின். ஒரு வருடத்துக்குள் எக்ஸோஸ்ட் (எரிந்த வாயு வெளியேறும்) வால்வு இரண்டு தரம் எரிந்துவிட்டது. முதல் தரம் மாற்றியபோது டெப்பெட் சத்தத்தையும் சேர்த்து அடக்கிக் கொடுத்தார்கள், நன்றாகத்தான் ஓடியது. இப்போது மறுபடியும் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, லிந்துலை ஏற்றத்தில் மூன்று பேரை ஏற்றினால் இழுப்பதில்லை. சாமான் மட்டம், ஒரிஜினல் போடுங்கள் என்கிறார்கள். அதுதான் காரணமா?
— ஓட்டோ சாரதி, தலவாக்கலை

பதில்: சாமான் மட்டமாகவும் இருக்கலாம் தம்பி. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொரு வரி, டெப்பெட் சத்தத்தை அடக்கினார்கள் என்பது. டெப்பெட் இடைவெளி என்பது வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் மெல்லிய இடம்.

எக்ஸோஸ்ட் வால்வின் தலை, எஞ்சின் பாரம் இழுக்கும்போது 700 பாகை செல்சியஸையும் தாண்டும். இரும்பு சிவக்கிற சூடு அது. அந்தச் சூட்டிலும் அது உருகாமல் வேலை செய்வதற்குக் காரணம், ஒவ்வொரு தரம் மூடும்போதும் சீட்டில் (வால்வு பொருந்தி மூடும் வளைய விளிம்பில்) போய் ஒட்டி உட்கார்ந்து சூட்டை ஹெட்டுக்கு, அதாவது சிலிண்டரின் மேல் மூடிக்குக் கடத்திவிடுவதுதான். வால்வின் சூட்டில் சுமார் முக்கால்வாசி இந்தச் சீட் வழியாகத்தான் வெளியேறுகிறது, மிச்சம் தண்டு வழியாக, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் குழாயான கைட்டுக்குப் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் வால்வு 1500 தரம் திறந்து மூடுகிறது, அதாவது ஒரு செக்கனுக்கு 25 தரம். அந்தச் சின்ன இடைவேளையில் அது முழுதாக உட்கார முடியாவிட்டால் சூடு போக வழியில்லை. அதோடு, மூடாத அந்த இடுக்கு வழியாக எரிகிற வாயு பீறிட்டு வெளியேறி விளிம்பை அரிக்கும். ஓரத்தில் ஒரு துண்டு கடித்த மாதிரிப் போயிருக்கும், கழற்றிய வால்வில் பார்த்திருப்பீர்கள்.

வால்வு ஏன் உட்காராமல் போகிறது? பலருக்கும் தலைகீழாகப் புரிந்திருக்கிற இடம் இதுதான். தேயத் தேய டெப்பெட் இடைவெளி கூடும், சத்தம் வரும், அதை இறுக்கினால் சரி என்று நினைக்கிறார்கள். ராக்கரோ அதை அசைக்கும் கேமோ தேய்ந்தால் அப்படித்தான். ஆனால் சீட்டும் வால்வு முகமும் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் இன்னும் கொஞ்சம் ஏறி உட்காரும், அதன் தண்டு ராக்கர் பக்கம் உயரும், இடைவெளி குறையும். சத்தமும் குறையும். வண்டி நன்றாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படுகிற நேரத்தில் உள்ளே ராக்கர் வால்வைத் தொட்டுக்கொண்டே நிற்கும். சூடேறித் தண்டு நீண்டதும் வால்வு சீட்டை விட்டு ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். அவ்வளவு போதும் எரிவதற்கு.

புது வால்வு போட்டால் முதல் சில நூறு கிலோமீற்றரில் அது சீட்டில் படிந்து இடைவெளி கொஞ்சம் குறையும். ஆகவே ஹெட் வேலை செய்தபின் ஒரு தரம் திரும்பப் போய் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். உங்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்க்கும்போது எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஹட்டனுக்கு ஒரு ஹயர் போய்வந்து பத்து நிமிடம் நிறுத்திவிட்டு அளப்பதில் அர்த்தமில்லை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளக்க வேண்டும். அளவு உங்கள் வண்டியின் கைநூலில் இருக்கும், எக்ஸோஸ்டுக்குப் பெரும்பாலும் இன்லெட்டை (உள்ளே எடுக்கும் வால்வை) விடக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். கைநூல் ஒரு அளவிலிருந்து இன்னொரு அளவு வரை என்று சொன்னால் கூடிய பக்கத்திலேயே வையுங்கள். லேசான டிக் டிக் சத்தம் கேட்கட்டும்.

அடுத்தது கைட். கதவின் கீல் ஆடினால் தாழ்ப்பாள் எப்படிப் பொருந்தும்? கைட் தேய்ந்து தண்டு ஆடினால் வால்வு ஒவ்வொரு தரமும் வெவ்வேறு இடத்தில் உட்காரும், எவ்வளவு விலைகொடுத்து ஒரிஜினல் வால்வு போட்டாலும் அது எரியத்தான் செய்யும். இரண்டு தரம் ஹெட் கழற்றியபோது கைட்டை யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். அப்படியே எஞ்சினைச் சுற்றியுள்ள காற்றாடி மறைப்பையும் கழற்றிப் பாருங்கள். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அந்தத் துடுப்புகளுக்கு இடையில் சேறும் ஒயிலும் அடைத்தால் வால்வு மட்டும் எப்படிக் குளிரும்.

கேள்வி: எங்களுடையது சிறிய பெற்றோல் கார். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கி, கீழே வந்து அக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. கொஞ்சத் தூரம் போனதும் நின்றுவிடும். ஏற்றத்தில் புகையே இல்லை. ரிங் போய்விட்டது, எஞ்சின் இறக்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
— ஆசிரியை, கம்பளை

பதில்: பயப்படாதீர்கள் டீச்சர், எஞ்சினை இறக்கவும் விடாதீர்கள். ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம் போயிருந்தால் பாரம் இழுக்கும் ஏற்றத்தில்தான் புகை அதிகம் வர வேண்டும். உங்களுக்கு இறக்கத்தில் சேர்கிறது. கியரில் விட்டு, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நீண்ட நேரம் இறங்கும்போது இன்லெட் பக்கம் உறிஞ்சல் மிகப் பலமாக இருக்கும். வால்வுத் தண்டின் ஒயில் சீல் காய்ந்து வெடித்திருந்தால், அல்லது கைட் தேய்ந்திருந்தால், அந்த உறிஞ்சல் மேலேயுள்ள ஒயிலை உள்ளே இழுக்கும். கீழே வந்து மிதித்ததும் சேர்ந்ததெல்லாம் எரிந்து நீலமாகப் போகும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் ஒரு கொத்துப் புகை வருகிறதா என்று பாருங்கள், வந்தால் சந்தேகமே இல்லை. சீல் விலை சொற்பம், பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். அதற்காகக் கியரை நியூட்ரலில் போட்டு இறங்கிப் புகையைத் தவிர்க்கலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இறம்பொடையில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது உயிரோடு விளையாட்டு.

ஒன்று, சீலைத் தள்ளிப்போடவும் வேண்டாம். உள்ளே எரிகிற ஒயில் வால்வு முதுகில் கரியாகப் படியும். அந்தக் கரித்துண்டு ஒன்று பிய்ந்து சீட்டில் மாட்டினால் முதல் கடிதத்துத் தம்பியின் நிலைதான்.

கேள்வி: கராஜில் வேலை பழகுகிறேன். அரைக்கும் பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டில் எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும்? எங்கள் பெரிய பாஸ் அரை மணித்தியாலம் தேய்க்கச் சொல்கிறார், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.
— பயிலுநர், பண்டாரவளை

பதில்: பெரிய பாஸிடம் இதைக் காட்டாதீர்கள். நல்ல சீட்டும் நல்ல வால்வும் என்றால் நைஸ் பேஸ்டில் ஒரு நிமிடம் கூடத் தேவைப்படாது. அரை மணித்தியாலம் தேய்க்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த வேலை கைக்கு உரியதல்ல, சீட் கட்டரோ மெஷினோ வைத்திருக்கும் இடத்துக்கு ஹெட்டைக் கொண்டுபோக வேண்டும்.

பேஸ்ட் எதையும் திருத்தாது. இரண்டும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று காட்டும், மேலே ஒரு மெல்லிய மெருகு கொடுக்கும், அவ்வளவுதான். குழியை மறைக்கத் தேய்த்துக்கொண்டே போனால் வால்வு முகத்தில் ஒரு பள்ளமும் சீட்டில் ஒரு அகலமும் உண்டாகும். பெரும்பாலான எஞ்சின்களில் சீட் 45 பாகைக் கோணம், சிலவற்றில் 30. வால்வு முகத்தை அதிலிருந்து அரைப் பாகை, ஒரு பாகை வித்தியாசமாக வெட்டுவதும் உண்டு. அப்போதுதான் ஒரு மெல்லிய கோட்டில் இறுக்கமாகத் தொட்டு, சீக்கிரம் படியும். அரை மணித்தியாலத் தேய்ப்பு அந்த வித்தியாசத்தைத் துடைத்துவிடும். சீட்டின் அகலமும் முக்கியம். இன்லெட்டில் ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர், எக்ஸோஸ்டில் ஒன்றரை, இரண்டு என்பது சிறிய எஞ்சின்களில் நீங்கள் பொதுவாகக் காணக்கூடியது. ரொம்ப ஒடுங்கினால் சூடு கடக்காது, ரொம்ப அகன்றால் அழுத்தம் பரவிக் கரி நசுங்காமல் ஒட்டிக்கொள்ளும். எதுவானாலும் கைநூல் அளவுதான் முடிவானது.

தேய்த்தபின் பேஸ்டைத் துளி விடாமல் கழுவுங்கள். கைட்டுக்குள் போன பேஸ்ட் அங்கேயும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கும். எந்த வால்வு எந்தச் சீட்டுக்கு உரியது என்று அட்டையில் ஓட்டை போட்டு இலக்கமிட்டுச் செருகிவையுங்கள், மாற்றிப் போட்டால் தேய்த்ததெல்லாம் வீண். ஸ்பிரிங்கோடு பூட்டியபின் ஹெட்டைச் சரித்துப் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் பாருங்கள், வால்வைச் சுற்றி ஈரம் கசியக் கூடாது. புதுசான சில எஞ்சின்களில் வால்வு முகத்தில் பூச்சு இருக்கும், சில மோட்டார் சைக்கிள்களில் டைட்டேனியம் வால்வு. அவற்றில் பேஸ்ட் தொடவே கூடாது.

கேள்வி: தாத்தா காலத்து மொறிஸ் மைனர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஈயமில்லாத பெற்றோலில் வால்வு சீட் கெட்டுவிடும், போத்தல் மருந்து ஊற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
— பதுளை வாசகர்

பதில்: பாதி உண்மை. பெற்றோலில் ஈயம் கலப்பது 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி, நோக்கம் எஞ்சின் நொக்கிங்கை (பெற்றோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை) அடக்குவது. வால்வுக்கு நன்மை கூடவே வந்தது. ஈயக் கலவை சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து, சூட்டில் வால்வும் சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. மைனர் எஞ்சினில் சீட் தனியாக இல்லை, ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது, ஆகவே படலம் இல்லாவிட்டால் எக்ஸோஸ்ட் சீட் மெல்ல உள்வாங்கும்.

ஆனால் இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இலேயே நின்றுவிட்டது. உங்கள் கார் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. சீட் உள்வாங்குவது முக்கியமாக நெடுநேரம் அதிக வேகத்தில், அதிக சுற்றில் ஓடும்போதுதான். பதுளையிலிருந்து ஹாலிஎலவுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்வரும் காருக்கு அவசரமில்லை.

போத்தலுக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு ஃபீலர் கேஜும் கொப்பியும் வாங்குங்கள். இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், 0.30 மில்லிமீற்றர். எட்டு வால்வு. அளக்க ஒரு சுலப வழி, திறந்திருக்கும் வால்வின் இலக்கத்தையும் அளக்கும் வால்வின் இலக்கத்தையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்கலாம், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. 1, 4, 5, 8 எக்ஸோஸ்ட். சில மாதத்துக்கு ஒரு தரம் அளந்து எழுதிவையுங்கள். இந்த நான்கில் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால்தான் சீட் உள்வாங்குகிறது என்று அர்த்தம். அப்போது ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் வளையம் அடித்துக்கொள்ளுங்கள், அதோடு பிரச்சினை தீர்ந்தது. ஒன்றும் குறையாவிட்டால் ஹெட்டில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: நுவரெலியாவில் என் காரின் நான்கு சிலிண்டருக்கும் கொம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம், psi அளவில்) பார்த்தார்கள். 130, 135, 130, 95. கைநூலில் 165 என்று இருக்கிறது. நான்கும் போய்விட்டது, எஞ்சினையே மாற்றுங்கள், கொழும்பில் பாவித்த சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுக்கலாம் என்கிறார்கள்.
— மரக்கறி வியாபாரி, நுவரெலியா

பதில்: மாற்றச் சொன்னவர் கீழ்நாட்டு அளவை வைத்துப் பேசுகிறார். கைநூல் இலக்கம் கடல் மட்டத்துக்கு உரியது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். 165ஐ 0.8ஆல் பெருக்கிப் பாருங்கள், 132 வரும். உங்கள் மூன்று சிலிண்டர் முழு ஆரோக்கியம்.

95 தான் நோயாளி. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இலக்கம் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட். கம்ப்ரெசர் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், காரைக் கியரில் போட்டுப் பிரேக் பிடித்துக்கொண்டு, ப்ளக் ஓட்டை வழியாகக் காற்றை அனுப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் இரைந்தால் எக்ஸோஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் பக்கம் இரைந்தால் இன்லெட், ஒயில் ஊற்றும் வாயில் இரைந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். இதற்கெல்லாம் முன்னால் அந்தச் சிலிண்டரின் டெப்பெட் இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இடைவெளியே இல்லாமலிருந்து, அதைச் சரிசெய்ததும் 95 ஏறினால், ஹெட்டைக் கழற்றும் செலவு கூட உங்களுக்கு மிச்சம்.

கேள்வி: பெற்றோலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் வால்வுக்குப் பாதிப்பா? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எல்லோரும் கலந்தார்களே, ஓடியதே?
— மஸ்கெலியா வாசகர்

பதில்: ஓடியது. ஓடிய பலதின் ஹெட்டைப் பிறகு கழற்றினோம். மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாகாமல் வால்விலும் பிஸ்டனிலும் கரி பிடிக்கும், ஒக்டேன் குறைவதால் ஏற்றத்தில் நொக்கிங் அடித்துச் சூடு ஏறும். கலக்காதீர்கள். அந்த நேரம் கலந்து ஓட்டிய வண்டி இன்னும் உங்களிடம் இருந்தால் ப்ளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து எழுதுங்கள்.