நண்டின் ஓடும் ஆமையின் ஓடும்

கேள்வி: உயர்தர உயிரியல் படிக்கும் என் மகள் ‘புறவன்கூடு’ என்பதற்கு உதாரணமாக நண்டு, நத்தை, ஆமை ஆகிய மூன்றையும் எழுதியிருந்தாள். ஆசிரியை ஆமையை மட்டும் வெட்டிவிட்டார். ஆனால் வீட்டிலுள்ள பழைய இந்திய நூலொன்று, ஆமையின் செதில், பறவையின் இறகு, நமது நகம் ஆகியவற்றையும் ‘புறச்சட்டகம்’ என்கிறது. எதை ஏற்பது?

– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: ஆசிரியை வெட்டியது சரியே. உடலைத் தாங்கிக் காத்து, தசைகள் பற்றி இழுப்பதற்கு இடமும் கொடுத்து, உடலுக்கு வெளியே அமைந்திருக்கும் வன்கூட்டையே, அதாவது கடினமான சட்டகத்தையே, இன்று புறவன்கூடு (exoskeleton) என்கிறோம்; பழைய நூலின் ‘புறச்சட்டகம்’ என்பதும் அதே ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கமே. வெளியே தெரியும் கடினமான பொருள் எல்லாம் அதில் அடங்காது.

நண்டு, இறால், கரப்பான் ஆகியவற்றில் மேற்றோற் கலங்கள் சுரக்கும் கைற்றின் (chitin) என்னும் உறுதியான நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்து இந்தக் கூட்டை ஆக்குகின்றன. நண்டில் கல்சியங் காபனேற்று என்னும் சுண்ணப் பொருளும் படிவதால் அது மேலும் இறுகுகிறது. தசைகள் உட்புறத்திலிருந்து இதைப் பற்றியிருக்கின்றன. இறுகிய கூடு உடலோடு சேர்ந்து வளராது என்பதால், நண்டு அதனடியில் மென்மையான புதிய கூட்டை ஆக்கிக்கொண்டு பழையதைக் கழற்றி, நீரை உள்ளெடுத்துப் பருத்து, பின்னர் இறுகுகிறது. சந்தையில் வாங்கிய நண்டு எடை குறைந்தும், உடைத்தால் சதையின்றி நீராகவும் இருந்தால், அது பெரும்பாலும் அண்மையில் ஓடு கழற்றியதாகவே இருக்கும். அதற்காக வியாபாரியுடன் சண்டையிடலாம். நண்டைக் குறைசொல்ல முடியாது.

நத்தையும் மட்டியும் ஓட்டைக் கழற்றுவதில்லை. மென்மூடி எனப்படும் தோல் மடிப்பு ஓட்டின் விளிம்பில் கல்சியங் காபனேற்றைச் சேர்த்துக்கொண்டே போவதால், ஓடும் உடலோடு பெரிதாகிறது. கறிக்குப் பயன்பட்ட மட்டியின் ஓட்டை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தால், அதை மூடிவைத்திருந்த தசை பற்றியிருந்த தழும்பு தெரியும். ஆகவே மகளின் இரண்டாவது உதாரணமும் சரி.

ஆமையின் கதை வேறு. அதன் மேலோடு, விலா எலும்புகளும் முள்ளந்தண்டும் விரிந்து இணைந்து உருவான எலும்புப் பெட்டி. நமக்கு விலா எலும்புகளுக்கு வெளியே இருக்கும் தோள்பட்டை எலும்பு ஆமைக்கு அவற்றின் உள்ளே இருக்கிறது. அதனால் ஆமையின் ஓடு அகவன்கூட்டின், அதாவது உடலுக்கு உள்ளே அமைந்த வன்கூட்டின், பகுதியே. ஓட்டை விட்டு ஆமை வெளியேறுவதாகக் காட்டும் கேலிச்சித்திரங்களை நம்ப வேண்டாம்.

எலும்பின் மேல் போர்த்தியிருக்கும் கெரற்றின் (நகத்திலும் மயிரிலும் உள்ள புரதம்) தகடுகளைத்தான் பழைய நூல் குறிப்பிடுகிறது. முதுகெலும்பிகளின் உடற்கூற்றை ஒப்பிட்டு எழுதியோர், தோலிலிருந்து தோன்றும் செதில், இறகு, மயிர், நகம், கொம்புறை ஆகியவற்றைத் தொகுத்து ‘புறச்சட்டகம்’ என்ற சொல்லால் வழங்கினர். அந்த வழக்கு பிழையன்று. ஆனால் நகமோ மயிரோ உடலைத் தாங்குவதில்லை என்பதால், பரீட்சை விடையில் இரு பொருளையும் கலப்பது ஆபத்து.

அடுத்த முறை துறவி நண்டைக் கேட்டால் மகள் தடுமாறக்கூடும். அது சுமந்து திரியும் சங்கு இறந்துபோன நத்தை வகை உயிரொன்றின் புறவன்கூடு. நண்டின் சொந்தப் புறவன்கூடு அதன் தலையையும் கால்களையும் மூடியுள்ளது, மென்மையான வயிற்றுக்கே இரவல் ஓடு தேவைப்படுகிறது.