கானும் மதகும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மோட்டர் இல்லாமல் வீதியோரக் கான் (வடிகால்) தண்ணீர் எப்படி ஓடுகிறது? (மாணவி, கிளிநொச்சி)

சரிவுதான் காரணம். வீதியின் நடு உயர்ந்து இரு கரையும் தாழ்ந்திருக்கும். மூன்று மீற்றருக்கு ஏழெட்டுச் சென்ரிமீற்றர் போதும். கரைக்கு வந்த மழை கானுக்குள் இறங்கி, வீதிக்குக் கீழே போகும் மதகு தாண்டி, குளத்துக்கோ ஆற்றுக்கோ போகும். வவுனியாப் பக்கம் தொடங்கும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சத்தைச் சுண்டிக்குளம் களப்பில் விடுகிறது. கான் அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது. நல்ல கேள்வி, பிள்ளை.

கேள்வி: எங்கள் வீதியில் வெள்ளம். என்ன செய்யலாம்? (வவுனியா)

எந்த வீதி? எத்தனை மணி நேரம் நிற்கிறது? கான் இருக்கிறதா? ஒன்றும் எழுதாமல் பதில் கேட்டால் நான் எதைச் சொல்வது? அடுத்த மழையில் குடையோடு இறங்கி, தண்ணீர் கடைசியாக எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: கடை வாசலில் கானுக்குள் ஆறங்குலக் குழாய் வைத்து, மேலே கிறவல் போட்டு வாகனம் ஏற வழி செய்தேன். தண்ணீர் போகத்தானே செய்கிறது? அயற்கடைக்காரர் ஏன் சண்டைக்கு வருகிறார்? (பரந்தன்)

அவர் சண்டைக்கு வராவிட்டால்தான் அதிசயம். ஒரே சரிவில் இரண்டடிக் குழாய் கொண்டுபோகும் தண்ணீரில் ஆறங்குலக் குழாய் எடுப்பது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. விட்டம் நாலில் ஒன்று என்பதால் தண்ணீரும் நாலில் ஒன்று என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. குழாய் சிறுக்க வாயும் சிறுக்கும், சுவர் உராய்வும் தண்ணீரைக் கூடுதலாகப் பிடிக்கும். அதற்குள் ஒரு சொப்பிங் பை போய் அடைத்தால் அந்த நாற்பதில் ஒன்றும் இல்லை.

கணக்கையும் பாருங்கள். ஒரு பரப்புக் காணியில் (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) நூறு மில்லிமீற்றர் மழை விழுந்தால் இருபத்தையாயிரம் லீற்றர். மண் தரை கொஞ்சம் குடிக்கும். கூரையும் சீமெந்து முற்றமும் ஒரு துளி குடிக்காது. உங்களுக்கு மேலே இருபது பரப்பு இருந்தால் ஐந்து இலட்சம் லீற்றர், மண் குடித்தது போக மிச்சமெல்லாம் உங்கள் ஆறங்குல வாசலைத் தேடி வருகிறது.

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இரணைமடு வான்கதவுகளைப் பற்றிப் பேசாதவர் இல்லை. வாசல் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு மாரியிலும் நான் எழுதுகிறேன், ஒவ்வொரு மாரியிலும் இன்னொரு வாசலில் குழாய் புதைகிறது. கிறவலை அள்ளி, குழாயைத் தூக்கி, கானின் முழு அகலத்துக்கும் கொங்கிறீட் சிலாப் போடுங்கள். தூக்கிக் கழுவக்கூடிய துண்டுகளாக இருக்கட்டும். பிரதேச சபையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாரிக்கு முன் செய்யுங்கள்.

கேள்வி: கானில் பாதிக்கு மண். பாதித் தண்ணீர் போகும்தானே? (மாங்குளம்)

போகாது. இரண்டடி அகல, இரண்டடி ஆழக் கானில் ஓரடி மண் நின்றால் ஐந்தில் இரண்டு பங்குதான் போகும். மாரிக்கு முன் அள்ளுங்கள். அள்ளியதைக் கரையிலேயே குவிக்காதீர்கள், முதல் மழையில் திரும்ப உள்ளே வரும்.

கேள்வி: குசினித் தண்ணீரைக் கானில் விடலாமா? (புதுக்குடியிருப்பு)

கூடாது. கான் மழைக்கு. அது போய்ச் சேரும் இடத்தில் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். வெயில் நாளில் தேங்கினால் நுளம்பு. உறிஞ்சு குழி வெட்டுங்கள்.

கேள்வி: கான் சுத்தம், சரிவும் சரி. ஆனாலும் தண்ணீர் வடிய மறுக்கிறது. (முல்லைத்தீவு)

முடிவிடத்தைப் பாருங்கள். நந்திக்கடல் களப்பு நிரம்பி, அது கடலோடு சேரும் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் களப்பின் மட்டம் கானின் வாயைவிட உயரும். பிறகு எந்தக் கானும் ஓடாது, தண்ணீர் பின்னுக்குத்தான் வரும். முகத்துவாரத்தை வெட்டி விடும்வரை பொருள் பண்டங்களை உயர்த்தி வையுங்கள்.

கேள்வி: கான் மூடியதா, திறந்ததா நல்லது? (கிளிநொச்சி)

சனம் நடக்குமிடத்தில் மூடியது. மற்ற இடத்தில் திறந்தது, அடைப்பு கண்ணுக்குத் தெரியும்.