வாக்கிங் போகும்போது தெருநாய்கள் என் நாய்மேல் பாய்கின்றன. எப்படிக் காப்பாற்றுவது?

எங்கள் செல்லி எட்டுக் கிலோ ஸ்பிட்ஸ். வீடு வேளச்சேரியில். ஒருநாள் விடிகாலை கறிக்கடை முக்கில் மூன்று நாய்கள் அவளைச் சூழ்ந்துகொண்டன. நான் பதறிக் கயிற்றை இழுக்க, அவள் பின்வாங்க, காலர் தலை வழியாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. அந்த நொடியை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அதனால் முதலில் காலரை விட்டுவிட்டு, நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ் வாங்குங்கள். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். இழுக்க இழுக்க நீளும் கயிறு நம் தெருக்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கையில் தடி இருப்பதைவிட, போகும் வழி சரியாக இருப்பது முக்கியம். தெருநாய்க்கு எல்லை உண்டு. வேற்று நாய் அதற்குள் வந்தால்தான் பெரும்பாலும் பாய்கிறது. ஒரு வாரம் நீங்கள் மட்டும் தனியாக நடந்து பாருங்கள். எது எந்த வாசலில் படுக்கிறது, குரைத்துக்கொண்டே வருவது எந்தக் கம்பத்தோடு நின்றுவிடுகிறது என்பதெல்லாம் புரிந்துவிடும். எங்கள் பகுதியில் டிரான்ஸ்பார்மர் வரை ஒரு கூட்டம், பிள்ளையார் கோயிலுக்கு அப்புறம் இன்னொன்று. இப்போது இரண்டையும் தொடாமல் சுற்றிப் போகிறோம். குட்டி போட்ட தாய் இருக்கும் தெருப்பக்கம் இரண்டு மாதம் போகாதீர்கள்.

அப்படியும் எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். உங்கள் நாயைப் பின்னால் விட்டு, நீங்கள் முன்னால் நில்லுங்கள். கல்லெடுக்கிற மாதிரி குனிந்தாலே பல நாய்கள் நாலடி பின்வாங்கும். எறியக் கூடாது. பட்டன் குடையைச் சட்டென்று விரிப்பதும் நன்றாக வேலை செய்கிறது. சின்ன நாயைத் தூக்கலாமா என்றால், தெருநாய்கள் தூரத்தில் இருக்கும்போதே தூக்கிவிடுங்கள். பக்கத்தில் வந்தபின் தூக்கினால் உங்கள்மேல் தாவும்.

கடி விழுந்துவிட்டால் மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடாதீர்கள். செல்லிக்கு அன்று ரத்தமே தெரியவில்லை. வீட்டில் கழுத்து முடியை விலக்கியபோதுதான் விரலில் பிசுபிசுத்தது. பல் இறங்கிய ஓட்டை அரிசி அளவு. மருத்துவர் முடியை மழித்த பிறகு இன்னும் இரண்டு தெரிந்தன, உள்ளே தோல் சதையை விட்டுப் பிரிந்திருந்தது. காயத்தை உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே ரேபிஸ் ஊசி போட்ட நாய்க்கும் மறுபடி போட வேண்டும். உங்களுக்குச் சின்னக் கீறல் பட்டிருந்தாலும் அதே மாதிரி கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்.

இன்னொன்று. காதில் சின்ன வெட்டு இருக்கும் தெருநாய் கருத்தடை செய்யப்பட்டது. கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் 2023 விதி. உங்கள் தெருவில் வெட்டு இல்லாத நாய்கள் இருந்தால் மாநகராட்சியில் சொல்லுங்கள். சென்னை என்றால் 1913.