தாதியருக்கு ஆன்மீகப் பராமரிப்பில் பயிற்சி எதற்கு? அது ஐயர், மௌலவி, பாதர் செய்யவேண்டிய வேலை அல்லவா?

இதே சந்தேகம் எனக்கும் இருந்தது. திருகோணமலை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். மருந்து கொடுக்க, புண் கட்ட, சலைன் மாற்றவே கை இரண்டும் காணாத வாட்டில் சாமி கதை வேறா என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு விடியப்புறம் நான் விட்ட பிழைதான் என்னை யோசிக்க வைத்தது.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு வாப்பா. எழுபது தாண்டியவர், காலில் சர்க்கரைப் புண், கையில் சலைன் ஏற்றும் கனுலா ஊசி. நாலரை மணியிருக்கும். கட்டிலில் எழும்பி உட்கார்ந்துகொண்டு பக்கத்துச் சுவரில் இரண்டு உள்ளங்கையாலும் தட்டுகிறார். பிறகு முகத்தைத் தடவுகிறார். திரும்பவும் ஒரு தட்டு, இந்த முறை கைகளைத் தடவுகிறார். கூப்பிட்டேன், பதிலில்லை. வயது, இரவில் இருந்த காய்ச்சல், இந்தச் சுவர்த் தட்டல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நோயாளியின் குறிப்பேடான பெட்ஹெட் டிக்கெட்டில் ‘கன்ஃபியூஸ்ட்’, அதாவது புத்தி தடுமாறியிருக்கிறார் என்று எழுதிவிட்டேன்.

காலையில் டொக்டர் அதை வாசித்துவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த இடம் என்று கேட்டார். வாப்பா எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “தயம்மும் செஞ்சேன் மகள். கையில ஊசி கிடக்கு, தண்ணி படக்கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க” என்றார்.

தண்ணீர் பாவிக்க முடியாதபோது, தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் செய்யும் வுழூவுக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணையோ புழுதியையோ தொட்டுச் செய்வது தயம்மும். அந்தப் பழைய சுவரில் இருந்த புழுதி அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் ஆட்கள் நாளாந்தம் வந்துபோகிற வாட்டில் இத்தனை வருடம் நின்ற எனக்கு இது தெரியவில்லை. நான் எழுதிய அந்த ஒரு சொல்லை நம்பி அவருக்குத் தூக்க ஊசி போட்டிருக்கலாம், கையைக் கட்டிலோடு கட்டியும் இருக்கலாம்.

பிறகு இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். பிரசங்கம் நடக்கும் என்று நினைத்தால், அங்கே கேட்கத்தான் பழக்கினார்கள். அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெம்பு தருவது எது, இந்த வருத்த நேரத்தில் அது எவ்வளவு முக்கியம், துணைக்கு நிற்கிற ஆட்கள் யார், நாங்கள் என்ன செய்து தரவேண்டும் என்று நாலு விஷயம் விசாரிப்பது. அட்மிஷன் நேரத்தில் ‘என்ன சமயம்’ என்று கேட்டு எழுதுவதோடு நாங்கள் நின்றுவிடுகிறோம். கடவுளை நம்பாதவருக்கும் இந்த நாலும் பொருந்தும்.

லண்டனில் 1967இல், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் டொக்டராவதற்கு முன் தாதியாக இருந்தவர். உடம்பு, மனம், குடும்ப நிலைமை, ஆன்மா எல்லாம் சேர்ந்து நோவதை ‘முழு வலி’ என்றார். மாத்திரை அதில் ஒரு பங்குக்குத்தான் கேட்கும்.

பயிற்சியில் எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது. ஒருவர் நோயாளியாக நடிப்பார், மற்றவர் இரண்டு நிமிடம் புத்தி சொல்லாமல் கேட்கவேண்டும். எங்களுக்கு இது பெரிய தண்டனை. “ஒண்டும் யோசிக்காதீங்க, எல்லாம் சரி வரும்” என்பது நாக்கு நுனியிலேயே நிற்கும்.

சில மாதம் கழித்து நிலாவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் புற்றுநோயோடு வந்தார். 2004 டிசம்பர் 26இல் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். “அண்டைக்கே என்னையும் எடுத்திருக்கலாம்தானே மிஸ், இவ்வளவு காலம் வைச்சிருந்தது எதுக்கு?” என்று கேட்டார். முந்தியென்றால் “அப்பிடிச் சொல்லக்கூடாது அம்மா, கோணேசர் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். மூத்தவனுக்கு மீன் முள் எடுத்துத்தான் சோறு கொடுக்கவேண்டுமாம். சின்னவள் சீப்பால் தலை இழுக்கவே விடமாட்டாளாம். பத்து நிமிடம் கதைத்திருப்பார். கடைசியில், “என்ர தலையையும் ஒருக்கா இழுத்துவிடுங்க மிஸ்” என்றார். மூன்று நாளாக யாரையும் தலையில் தொட விடாதவர்.

மதத்தைத் திணிப்பதில் போய் முடியுமே என்ற பயம் நியாயமானது. எங்கள் ஊரில் அது சின்ன விஷயமும் இல்லை. நோயாளி கேட்காமல் அவருக்காகச் சத்தம் போட்டுப் பிரார்த்திக்கக்கூடாது, நம்முடைய நம்பிக்கையை நீட்டக்கூடாது என்பதைத்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானே முன்பு, மயக்கத்தில் கிடந்த ஒருவருக்குப் பத்திரகாளி அம்மன் கோவில் திருநீற்றைப் பூசியிருக்கிறேன். அவர் திருநீறு பூசுகிற ஆளா என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பரிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயரையோ மௌலவியையோ பாதரையோ எப்போது கூப்பிடவேண்டும் என்று தெரிந்துகொள்வதும் இந்தப் பயிற்சியில் ஒரு பகுதி. அவர்கள் வேலையை நாங்கள் பறிப்பதில்லை.

நேரம் எங்கே என்பீர்கள். புண் கட்டுகிற நேரத்தில் வாய் சும்மாதானே இருக்கிறது.

வாப்பா வீட்டுக்குப் போகும்போது அவருடைய மகன் சின்னச் சின்னப் பைகளில் சுத்தமான மண் கட்டிக் கொண்டுவந்து தந்தார், இனி வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கச் சொல்லி. மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறோம். தொற்றுத் தடுப்பு மிஸ் செக்கிங் வருகிற நாளில் மட்டும் அது என் கைப்பைக்குள் போய்விடும்.